ஆவுடைத்தாயின் பின்னால் வந்த மலை

ஆவுடைத்தாய் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய அதே வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும், அவள் ஒன்பது வருஷம் காவல் காத்த பனிமலையும் பின்னாலேயே வந்து, கள்ளியேந்தலுக்கு மேற்கே கருவேலங்காட்டில் உட்கார்ந்துகொண்டது.

முதலில் பார்த்தது அவளுடைய அம்மா பாக்கியத்தாய். விறகு ஒடிக்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்து, முந்தானையால் காதுகளைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றபடி, பல் துலக்கிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, ஒன்னயத் தேடி ஆரோ வந்திருக்காக."

"ஆரும்மா?"

"நீயே வந்து பாரு. பெரிய ஆளாத் தெரியுது."

ராமநாதபுரத்துச் சீமையில் அந்தப் பக்கம் மலை என்று ஒன்று கிடையாது. மேடு என்றால் கண்மாய்க் கரை, அதைவிட உயரம் என்றால் செல்போன் டவர், அவ்வளவுதான். இப்போது டவருக்குப் பின்னால், டவரைப் பல்குத்தும் குச்சி மாதிரி ஆக்கிவிட்டு, தலை முதல் கால் வரை வெள்ளையாக அது உட்கார்ந்திருந்தது. உச்சியில் உடைந்த கடைவாய்ப் பல் மாதிரி ஒரு பாறை, இடது தோளிலிருந்து உதறி விரித்த வேட்டி போல இறங்கும் நீண்ட சரிவு. ஆவுடைத்தாய்க்கு ஒரு நொடிகூட சந்தேகம் வரவில்லை. அந்தச் சரிவில் அவள் சறுக்குப் பலகை கட்டி ஏறாத நாளில்லை, இறங்காத நாளில்லை. நைட்டியோடு நிற்கும்போது ஆபீஸ் மேலதிகாரி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதுபோல முதலில் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்துக்கு அடியில் சந்தோஷம் இருந்தது. அதை அவள் பற்பசை நுரையோடு சேர்த்துத் துப்பப் பார்த்தாள், முடியவில்லை.

கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு அடிவாரம் வரை போய், "இங்க எதுக்கு வந்தே?" என்று இந்தியில் கேட்டாள். அதற்குத் தமிழ் தெரியுமா என்று அவளுக்குத் தெரியாது.

மேலேயிருந்து ஒரு கை அளவு பனி மட்டும் உருண்டு வந்து அவள் செருப்பில் பட்டு நின்றது.

அந்தப் பனிமலைக்கு அவள் முதலில் எப்படிப் போனாள் என்பதை ஊர் பல மாதிரிச் சொல்லும். உள்ளது இவ்வளவுதான். வடக்கே எல்லையைக் காக்கும் மலைப்படைக்குப் பெண்களை எடுத்தபோது, நன்றாக ஓடுவாள் என்று அவளையும் எடுத்தார்கள். கால் புதையும் பனியில் எப்படி நடமாடுவது என்று பலகை கட்டிப் பழக்கினார்கள். பலகைக்கு அடியில் முடியுள்ள தோல் பட்டையை ஒட்டிக்கொண்டால் மேலே ஏறலாம், முடி ஒரு பக்கமாகவே படிந்திருப்பதால் முன்னே போகும், பின்னே வழுக்காது. உச்சிக்குப் போய்ப் பட்டையை உரித்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டால் கீழே வருவது காற்றின் வேலை. மனுஷவாடையே இல்லாத அந்த வெள்ளைக் காட்டில் அவள் இருந்து, உண்டு, காத்து, முப்பத்து மூன்று வயதை எட்டினாள். அப்பா இல்லாத வீட்டில் தனியாக இருந்த பாக்கியத்தாய் போனில் அழுது அழுது, சாலிக்கரையில் கரி வியாபாரம் செய்யும் தனிக்கொடி என்ற மாப்பிள்ளையை நிச்சயம் பண்ணிவிட்டாள். சரி என்று ஆவுடை வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். வரும்போது, கழித்துப்போட்ட சறுக்குப் பலகை ஒரு ஜோடியை நினைவாகக் கொடுத்தனுப்பினார்கள். வந்த மறுநாளே பாக்கியத்தாய் அதில் ஒன்றை எடுத்துக் களத்தில் மிளகாய் வத்தல் துழாவ ஆரம்பித்துவிட்டாள். பிடித்துத் தள்ள வாகாக இருக்கிறதாம்.

மலை வந்ததற்கு ஊர் ஒரு நாள்தான் வாயைப் பிளந்தது. மறுநாள் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்து, மஃப்ளரைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்து, மலை முழுக்கப் புறம்போக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது, யாருடைய பட்டாவையும் மிதிக்கவில்லை, நல்ல வளர்ப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் கண்டக்டர், "கள்ளியேந்தல் விலக்கு" என்று கூவிக்கொண்டிருந்தவர், "பனிமலை எறங்குறவக வாங்க" என்று மாற்றிக்கொண்டார். டீக்கடை ராக்கப்பன் டீயை ஆற்றாமலே கொடுத்தான், கைக்கு வருவதற்குள் தானே ஆறிவிட்டது. மீன்காரம்மா விற்காத மீனைப் பனியில் புதைத்து, மேலே ஒரு வேப்பங்குச்சியை நட்டு வைத்துவிட்டு, மறுநாள் அதையே துடிக்கத் துடிக்கப் பிடித்த மீன் என்று விற்றாள். பிணத்துக்குக் குளிர்பெட்டி வாடகைக்கு விடும் ஆள் மட்டும் மலையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு டெம்போவைத் திருப்பினான். ஆடுகள் முதலில் பயந்தன, பிறகு நக்கின, பிறகு மேலே ஏறிப் படுத்துக்கொண்டு கீழே இருந்தவர்களை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தன.

அய்யனார் கோயில் பூசாரிக்குத்தான் பெரிய சிக்கல். மலை ஆணா பெண்ணா என்று தெரியாமல் வேட்டி சாத்துவதா சேலை சாத்துவதா என்று அவர் தவித்தார். பெண்கள் குழாயடியில் இரண்டே நிமிஷத்தில் அதைத் தீர்த்து வைத்தார்கள்.

"ஆம்பளதான். பொம்பளப்புள்ள பின்னாடி வந்திருக்குல்ல."

பூசாரி வேட்டியே சாத்தினார். ஊர் சேர்ந்து வாங்கிய நாலு முழ வேட்டி மலையின் சுண்டுவிரலைக்கூட மறைக்கவில்லை, ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

அந்தக் குழாயடிப் பேச்சுதான் பஸ் ஏறிச் சாலிக்கரைக்குப் போனது. மாப்பிள்ளையின் அம்மா சிவனம்மாள், நின்றால் தேர் நின்ற மாதிரி இருக்கும் பெண்மணி, தரகரைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினாள். "பொண்ணு பின்னாடி மலை ஒண்ணு வந்திருக்காமே. ஒண்ணுமில்லாமயா அம்புட்டுத் தூரம் வரும்? அது போகட்டும், பொறகு பேசிக்கிருவோம்."

பாக்கியத்தாய் அன்று சோறு பொங்கவில்லை. "ஒம்போது வருசமா அங்கன என்னடி செஞ்சே?" என்று மகளைக் கேட்டாள்.

"ஏறுனேன், எறங்குனேன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாம்மா. அதுல அதுக்கும் எனக்கும் ஒரு பழக்கம்."

"பழக்கம்னு வெளிய சொல்லித் தொலையாத."

ஆனால் ஊருக்கு அவள்மேல் மனத்தாங்கல் வந்தது கல்யாணத்தால் இல்லை, வத்தலால். பங்குனி வெயிலை நம்பித்தான் கள்ளியேந்தலே மிளகாய் போட்டிருந்தது. மதியம் திரும்பினால் மலை நிழல் களம் முழுக்க விழுந்தது. காயவேண்டிய பழம் ஈரம் கோத்து, ஓரம் வெளுத்து, சில அம்பாரங்களில் பூஞ்சை தட்டியது. தங்கமும் அதுதான், அரிசியும் அதுதான் என்றிருந்த வீடுகளில் பெண்கள் வத்தலை அடுப்படியில் பரப்பி உட்கார்ந்து தும்மினார்கள். ஊர் முழுக்கத் தும்மிக்கொண்டே கோயில் முன்னால் கூடியது. தலைவர் தவசிலிங்கம், அடித்துப் பேசாத மனிதர், ஆவுடையைப் பார்த்து நயமாகவே சொன்னார்.

"ஏத்தா, ஒறவுக்காரக வந்தா நாலு நாளு இருந்துட்டுப் போறதுதான் மொறை. நாங்க கொற சொல்லல. குளுகுளுன்னு இருந்துச்சு, சந்தோசம். இனிமே நீதான் சொல்லி அனுப்பணும்."

"என் பேச்சக் கேக்குமான்னு தெரியலயே மாமா."

"ஒன் பேச்சக் கேக்காமயா இங்கன வந்திருக்கு?"

"நான் வான்னு கூப்பிடலயே."

"போன்னும் சொல்லலயில்ல?"

மலை வந்த நாளிலிருந்து அவள் அதன்மேல் ஒரு தடவைகூடக் காலை வைக்கவில்லை. வைத்தால் இறங்க மனசு வராது என்று பயந்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். போ என்ற ஒரு சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். எந்தப் பாஷையிலும் அது வெளியே வருவதாக இல்லை.

மறுநாள் காலை, களத்தில் நின்ற யாரோ ஒருவர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "உச்சிக்குக் கீழ ஆரோ ஒருத்தரு கொட புடிச்சுக்கிட்டு நிக்கிறாக!"

உண்மைதான். உடைந்த பல் பாறைக்குச் சற்றுக் கீழே, வெள்ளையில் கறுப்புப் புள்ளியாக ஒரு குடை, குடைக்குக் கீழே ஒரு வேட்டி. சாலிக்கரைப் பக்கமிருந்து ஏறி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, முன்னே வரவும் முடியாமல் பின்னே போகவும் முடியாமல் நின்றது அது. அதே நேரத்தில் தரகர் போனில் அலறினார், மாப்பிள்ளையைக் காலையிலிருந்து காணோமாம்.

ஆவுடைத்தாய் மலையைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வடக்கே அந்த மாதத்தில் அப்படி ஒரு வெயில் அது கண்டதில்லை. சரிவின் நெற்றியில் பனி பளபளவென்று வேர்த்திருந்தது. அம்மாவின் கையிலிருந்த பலகையைப் பிடுங்கி, மூலையில் கிடந்த அதன் ஜோடியையும் எடுத்துக்கொண்டாள். பழைய தோல் பட்டை வரும் வழியில் ரயிலிலேயே தொலைந்திருந்தது. ஆட்டுக்கறிக் கடை சேக்காதி ராவுத்தரிடம் ஓடி, "மாமு, காஞ்ச தோலு இருக்கா? முடி எடுக்காதது" என்றாள். அவர் எதற்கென்று கேட்காமல் ஒரு வெள்ளாட்டுத் தோலை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துக் கொடுத்தார். முடி பின்னால் படியும்படி பலகைக்கு அடியில் வைத்து, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சுடிதார் காலைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு அவள் ஏறத் தொடங்கினாள்.

ஊர் களத்தில் வரிசையாக நின்று, மாடுபிடி பார்ப்பதுபோலப் பார்த்தது.

"என்னப்பா நேரா ஏறாம கோணக் கோண ஏறுது?"

"நேரா ஏறுனா மூச்சு வாங்கும்ல."

"அடி எடுத்து வைக்கவே இல்ல பாரு, இழுத்துக்கிட்டே போகுது."

"கால் தேயாதுல்ல, அதுக்குத்தான்."

மகள் போனில் ஏறுனேன் இறங்குனேன் என்று சொன்னதெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்குவது மாதிரி என்றே பாக்கியத்தாய் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். இப்போது அந்தச் சின்ன நீலப் புள்ளி, பாம்பு போன தடம் மாதிரி ஒரு கோட்டைப் பின்னால் விட்டுவிட்டு, நிதானமாக, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் வானத்தைப் பார்த்துப் போவதைக் கண்டு அவள் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டாள்.

மேலே தனிக்கொடி குடையைப் பிடித்தபடி பனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பில்லை. மடியில் வாழைப்பழச் சீப்பும், வெற்றிலை பாக்கும், பிரிக்காத பூந்தி டப்பாவும் வைத்த தாம்பாளம். அவளைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்து இடுப்பு வரை புதைந்தார்.

"வணக்கமுங்க. நீங்கதான் பொண்ணா?"

"ஆமா. இங்க என்ன செய்றீக?"

"பொண்ணு கேக்க வந்தேங்க."

"ஆருகிட்ட?"

தனிக்கொடி கூச்சத்தோடு பாறையைக் கையால் காட்டினார். "ஒங்களுக்கு அப்பா இல்ல, அண்ணன் தம்பி இல்ல. எங்க ஆத்தா என்னமோ பேசுறாக. எனக்கு அப்படித் தோணல. அம்புட்டுத் தூரத்துலருந்து ஒரு பெரியவரு வந்திருக்காருன்னா, புள்ளய எங்கன குடுக்குறாகன்னு பாக்கத்தான வந்திருப்பாரு? போயி மொறையாக் கேட்டுப்பிட்டா வேல முடிஞ்சிச்சு."

ஆவுடைத்தாய் அவரை நன்றாகப் பார்த்தாள். கரி படிந்த நகக்கண், குளிரில் நீலம் பூத்த உதடு, நெற்றியில் கலையாத திருநீறு. இந்த மனிதர் ஒற்றைச் செருப்போடு இவ்வளவு உயரம் ஏறியது ஒரு மலையிடம் பேசத்தான் என்பது அவளுக்குள் இறங்கக் கொஞ்சம் நேரமானது.

"கேட்டீகளா?"

"கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. எங்கப்பாவும் இப்படித்தான். சம்மதம்னா பேசமாட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தபோது காலுக்கு அடியில், வெகு ஆழத்தில், யாரோ பெருமூச்சு விட்டதுபோல "வும்ம்" என்று ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மேல் பனி அடிப் பனியை விட்டுக் கழன்றுவிட்டது. இனி ஒரு ஆடு தும்மினால் போதும்.

"அது பேசுதுங்களே!" என்றார் தனிக்கொடி மகிழ்ச்சியோடு.

"பேசாம இருங்க. குடையக் கீழ போடுங்க. என் பின்னாடி பலகைல ஏறி நில்லுங்க."

"தாம்பாளம்?"

"அத இங்கனயே வச்சிருங்க, அவருக்குத்தான கொண்டாந்தீக."

ஆட்டுத்தோலை அவள் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் பின்னால் ஏறி நின்று, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தார்.

"இடுப்பப் புடிங்க."

"ஊரே பாக்குதுங்களே."

"செத்தாலும் ஊரு பாக்கும். புடிங்க."

பிடித்தார். அவள் முதலில் சரிவின் குறுக்காக, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, தூளியில் தூங்கும் குழந்தையைத் தாண்டுவதுபோல மெல்ல மெல்ல நகர்ந்து, பாறை முதுகு தெரிகிற ஓரத்துக்குப் போனாள். அங்கே பலகையின் மூக்கைக் கீழே திருப்பினாள், அவ்வளவுதான், காற்று அவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களுக்குப் பின்னால் சரிவு முழுவதும் ஒரே கோடாகக் கிழிந்தது. வெள்ளை இடிந்து, உருண்டு, இடிச் சத்தத்தோடு இறங்கிற்று. தனிக்கொடியின் வேட்டி கொடிபோல விரிந்து பறந்தது. களத்தில் பாதிப் பேர் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள், மீதிப் பேர் பயத்தில் மூடிக்கொண்டார்கள். ஆவுடைத்தாய் மட்டும் கண்ணை அகலத் திறந்து, முழங்காலை மடக்கி, இடமும் வலமும் சாய்ந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தாள். அது பயத்தின் கத்தல் இல்லை என்பது பாக்கியத்தாய்க்கு அங்கிருந்தே கேட்டது.

பனி ஊருக்குள் வரவில்லை. வருஷக்கணக்காகத் தண்ணீர் காணாமல் வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் மொத்தமாகப் போய் விழுந்து, கரை ததும்ப நிறைந்து, புகைந்துகொண்டு கிடந்தது. அதன் கரையில் பலகை வந்து நின்றது. தனிக்கொடி இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, பாக்கியத்தாயைக் கண்டுபிடித்து, "அத்தே, நல்லாருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மயங்கி விழுந்தார்.

ஊருக்குத் தண்ணீர் வந்த சந்தோஷம் ஒரு பக்கம். ஆனால் தவசிலிங்கம் கண்மாயையும் பார்த்தார், மலையையும் பார்த்தார். "இன்னைக்குக் கண்மா. நாளைக்கு வீட்டு மேல விழுந்தா?" அவர் ஆவுடை பக்கம் திரும்பினார். "சொல்லிரு தாயி."

இனித் தள்ளிப்போட முடியாது. சாயங்காலம், மலை நிழலுக்குள், தும்மிக்கொண்டிருந்த ஊர் முழுக்கப் பின்னால் நிற்க, ஆவுடைத்தாய் அடிவாரத்துக்குப் போனாள். ஆட்டுத்தோல் இன்னும் தோளில் கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள். போ என்று சொல்லத்தான் போனாள். தொண்டை வரை வந்தது. மேலேயிருந்து கத்திக்கொண்டு இறங்கியது உடம்பெல்லாம் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்க, அதை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் முழு சீட்டையும் அடைத்து உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சொல்வதுபோல, தமிழிலேயே, கொஞ்சம் அதட்டலாகவே சொன்னாள்.

"இந்தா, கொஞ்சம் தள்ளி உக்காரு. வத்தல் காயணும்."

தவசிலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

விடிந்தபோது கள்ளியேந்தல் களத்தில் பளீரென்று வெயில் விழுந்திருந்தது. கருவேலங்காடு முள்கூட ஒடியாமல் அப்படியே நின்றது. தூரத்தில், மேற்கே, சாலிக்கரைப் பக்கம் மலை தள்ளி உட்கார்ந்திருந்தது. அது உட்கார்ந்த இடம் சரியாக சிவனம்மாள் வீட்டுக் கொல்லை. சரிந்தாலும் ஆளில்லாத இடத்தில் சரியட்டும் என்று செங்குத்துப் பக்கத்தை வெறுங்காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாய்ந்த பக்கம் வீட்டைப் பார்க்கிற மாதிரி அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது. சாலிக்கரை கரிமூட்டம் போடுகிற ஊர். ஆயுசு முழுக்கப் புகையிலும் சூட்டிலும் வெந்த சனம் அடிவாரத்தில் துண்டை விரித்துப் படுத்து, எழுந்திருக்க மாட்டேன் என்றது.

சிவனம்மாள் தாம்பாளம் ஒன்று கொல்லையில் கிடப்பதைப் பார்த்தாள். பூந்தி டப்பா நசுங்காமல் இருந்தது. அவள் வெகுநேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். பிறகு தரகருக்குச் சொல்லி அனுப்பினாள். "பொண்ணு வீட்டுலருந்து பெரியவரு சீர்த்தட்டோட வந்து உக்காந்துட்டாரு. இனிமே வேணாம்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? நாளு குறிச்சிருவோம்."

கல்யாணம் சாலிக்கரையில் நடந்தது. கள்ளியேந்தல்காரர்கள் வத்தல் காய்ந்த தெம்பில் வந்து, சாப்பாட்டுப் பந்தியிலேயே, அது எங்க ஊர் மலை, இங்க விருந்தாடிதான் வந்திருக்கு என்று ஆரம்பித்தார்கள். சாலிக்கரைக்காரர்கள் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். ரசம் ஊற்றுவதற்குள் சமாதானம் ஆனது.

மறுவாரம் ஒரு காலையில் ஆவுடைத்தாய் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொல்லைக் கதவுக்கு வந்தாள். கதவை அடைத்தபடி சிவனம்மாள் நின்றாள். தனிக்கொடி திண்டாடி, கரி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"எங்க, மேலயா?" என்றாள் சிவனம்மாள்.

"ஆமா அத்தே."

"சாப்பிட்டியா?"

"வந்து சாப்பிடுறேன் அத்தே."

"வந்தா சாப்பிடுறது?" சிவனம்மாள் முந்தானைக்குள்ளிருந்து வாழையிலைப் பொட்டலம் இரண்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். "புளிச்சோறு. ரெண்டு கட்டிருக்கேன். அவரு சாப்பிட மாட்டாருன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் சம்பந்தி வீட்டுப் பெரியவர வெறுங்கையோட போயிப் பாத்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

ஆவுடைத்தாய் தோல் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். உடைந்த பல் பாறையில் சாய்ந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்றாள். இன்னொன்றைப் பாறைமேல் வைத்துக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். ஏறி வந்ததில் பசி அடங்கவில்லை. அதையும் எடுத்துத் தின்றாள். இலையை மடித்து மடியில் செருகி, பட்டையை உரித்துச் சுருட்டி, பலகையின் மூக்கைக் கீழே திருப்பினாள்.